குராசோவின் கால்பந்து: தீவில் பிறந்து, குடிபெயர்ந்த நாட்டில் வளர்ந்த அணி

ஒன்றரை லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகையுடன் குராசோ எப்படி 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது, பெரும்பாலும் நெதர்லாந்தில் பிறந்தவர்களைக் கொண்டு ஆடும் அணியின் வெற்றியை அந்தத் தீவின் கால்பந்து வளர்ச்சி என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்குப் பாதி ஆம், பாதி இல்லை என்பதே என் பதில். அதை இரவல் அணி என்று ஒதுக்குவது அந்தத் தீவின் நூறாண்டு வரலாற்றை அறியாமல் சொல்லும் சொல். தீவு மக்கள் பிழைப்புத் தேடிப் போன இடத்தில் அவர்களுடைய பிள்ளைகள் ஆடக் கற்றார்கள், அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்த அணி அது. ஆனால் தேசிய அணி வளர்ந்த வேகத்தில் தீவுக்குள் ஆடப்படும் கால்பந்து வளரவில்லை என்பதும் உண்மை.

குராசோ வெனிசுவேலாவின் கடற்கரைக்கு வடக்கே, 444 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. தலைநகர் வில்லெம்ஸ்டாட். மக்கள் வீட்டிலும் தெருவிலும் பேசுவது பாப்பியமெந்து மொழி. பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் டச்சு மொழிக்கும் இடமுண்டு. முழுச் சுதந்திர நாடு அல்ல. நெதர்லாந்து முடியரசுக்குள் தன்னாட்சி பெற்ற ஓர் அங்க நாடு. கால்பந்தைப் பொறுத்தவரை எல்லாமே இந்தக் கடைசித் தகவலில்தான் தங்கியிருக்கிறது என்பதால் அதற்குப் பின்னர் திரும்ப வருகிறேன்.

இந்தத் தீவுக்குக் கால்பந்து நேற்று வந்ததல்ல. கால்பந்துச் சங்கம் 1921இல் தொடங்கப்பட்டது. முதல் பன்னாட்டு ஆட்டம் 1924இல் பக்கத்துத் தீவான அருபாவுக்கு எதிராக நடந்தது, அதில் குராசோ 4-0 என வென்றது. ஃபிஃபாவில் 1932இலேயே உறுப்பினராகிவிட்டது. ஷெல் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1918இல் இயங்கத் தொடங்கியதிலிருந்து மதேராத் தீவிலிருந்து வந்த போர்த்துகீசியர், சுரினாம்காரர், ஆங்கிலேயக் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த தொழிலாளர் என்று பலரும் அங்கே குடியேறினார்கள். சம்பளமும் ஓய்வு நேரமும் உள்ள தொழிலாளர் கூட்டம் ஒன்று உருவானதும், கத்தோலிக்கத் தேவாலயப் பங்குகளின் ஆதரவில் பேட்டைதோறும் கழகங்கள் எழுந்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான். பழைய கழகங்கள் பலவற்றின் பெயருக்கு முன்னால் இன்றும் ரோமன் கத்தோலிக்கம் என்பதைக் குறிக்கும் முன்னெழுத்துகள் நிற்கின்றன.

அந்தத் தலைமுறையின் பெருமகன் எர்கிலியோ ஹாடோ என்ற கோல்கீப்பர். 1926இல் பிறந்து யோங் ஹாலந்து கழகத்துக்கு ஆடிய அவரைக் 'கருஞ்சிறுத்தை' என்று அழைத்தார்கள். வெளிநாட்டுப் பெரிய கழகங்களின் அழைப்பை மறுத்துக் கடைசிவரை தீவிலேயே அமெச்சூர் வீரராக இருந்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். வில்லெம்ஸ்டாட்டின் தேசிய விளையாட்டரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் காலத்தில்தான் குராசோ 1950இல் குவாதமாலாவில் நடந்த மத்திய அமெரிக்க, கரீபிய விளையாட்டுப் போட்டிகளில் கால்பந்துத் தங்கத்தை வென்றது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நெதர்லாந்து அன்டிலிஸ் என்ற பெயரில் ஆடி, துருக்கியிடம் 1-2 என்று நூலிழையில் தோற்றது.

நெதர்லாந்து அன்டிலிஸ் என்பது குராசோ, அருபா, பொனேர் உள்ளிட்ட ஆறு டச்சுத் தீவுகளின் கூட்டமைப்பு. பெயரில் ஆறு தீவுகள் இருந்தாலும் அணியில் குராசோவின் கையே ஓங்கியிருந்தது. வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கூட்டமைப்பான கான்ககாஃப் 1961இல் உருவானபின் நடத்திய முதல் சாம்பியன்ஷிப்பில், 1963இல் எல் சால்வடோரில், இந்த அணி மெக்சிகோவை 2-1 என வென்று மூன்றாமிடம் பெற்றது. 1969இல் மீண்டும் மூன்றாமிடம். கழக அளவிலும் யோங் கொலம்பியா 1967இலும் 1979இலும் கான்ககாஃப் கழகக் கோப்பையின் இறுதிப்போட்டி வரை சென்றது. தீவிலேயே பிறந்து, தீவிலேயே வேலை பார்த்து, மாலையில் ஆடியவர்களால் அன்று மெக்சிகோவை வீழ்த்த முடிந்திருக்கிறது. இன்றைய வெற்றியை 'திடீர் அதிசயம்' என்று எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

பின்பு ஏன் சரிந்தது? மெக்சிகோவும் கோஸ்டாரிக்காவும் ஹொண்டுராஸும் தொழில்முறைக் கழக அமைப்பைப் பலப்படுத்திக்கொண்டே போக, அமெச்சூர் அமைப்பிலேயே நின்ற தீவு பின்தங்கியது. 1973இல் ஹெய்ட்டியில் ஆறு அணிகள் ஆடிய கான்ககாஃப் சாம்பியன்ஷிப் இறுதிச் சுற்றில் நெதர்லாந்து அன்டிலிஸ் கடைசி இடத்தைப் பிடித்தது. அதற்குப்பின் கண்டப் போட்டியின் இறுதிக் கட்டத்தை மீண்டும் எட்ட 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 1986இல் அருபா கூட்டமைப்பிலிருந்து பிரிந்து, இரண்டாண்டுகளில் ஃபிஃபாவில் தனியாகச் சேர்ந்தது. ஏற்கெனவே சிறிய ஆள்பலம் இன்னும் சுருங்கியது. தீவின் திறமைசாலிச் சிறுவர்களுக்கு வேறொரு பாதையும் திறந்தது. 1990களின் நடுவில் ஆண்ட்ரூ ஜோன்ஸ் அமெரிக்காவின் உயர்மட்டப் பேஸ்பாலுக்குள் நுழைந்தபின், பேஸ்பால் மட்டையைப் பிடித்த பையனுக்கு அமெரிக்கப் பணமும் புகழும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் தெரிந்தன. கென்லி ஜான்சன், ஆண்ட்ரெல்டன் சிம்மன்ஸ், ஓசி ஆல்பீஸ் என்று அந்த வரிசை நீள்கிறது. 2004இல் வில்லெம்ஸ்டாட்டின் பபாவ் சிறுவர் அணி உலகச் சிறுவர் பேஸ்பால் கோப்பையையே வென்றது. இவ்வளவு சின்ன மண்ணில் இரண்டு விளையாட்டுகள் ஒரே பையனுக்காகப் போட்டியிட்டால் எது தோற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட ஆழமான மாற்றம் விளையாட்டுக்கு வெளியே நடந்தது. 1985இல் ஷெல் நிறுவனம் ஆலையைக் கைவிட்டு வெளியேறியது. தீவின் பொருளாதாரத்தைத் தாங்கிய தூண் அது. வேலையிழந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் பெருமளவில் நெதர்லாந்துக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் கையில் டச்சுக் கடவுச்சீட்டு இருந்ததால் விசா கேட்க வேண்டியதில்லை. விமானச் சீட்டு எடுத்தால் போதும். இன்று நெதர்லாந்தில் வாழும் டச்சுக் கரீபியத் தீவுகளின் வம்சாவளியினர் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஏறக்குறைய இன்னொரு குராசோ ராட்டர்டாமிலும் ஆம்ஸ்டர்டாமிலும் குரோனிங்கனிலும் வாழ்கிறது என்றே கணக்கிடலாம். ஐரோப்பாவின் மிகச் சிறந்த சிறுவர் பயிற்சி அமைப்புகளில் ஒன்று நெதர்லாந்தினுடையது. சிறு ஊர்க் கழகத்தில்கூட பயிற்சி பெற்ற பயிற்சியாளரும் முறையான வயதுவாரிப் போட்டிகளும் இருக்கும். அந்த அமைப்பின் வாசலில் குராசோ குடும்பங்களின் பிள்ளைகள் போய் நின்றார்கள்.

குடியேற்றத்தால் மட்டும் தேசிய அணி கிடைத்துவிடாது என்பதற்குச் சுரினாமே சாட்சி. தென்னமெரிக்கக் கரையிலிருந்தாலும் கால்பந்தில் கரீபியத்தோடு சேர்ந்திருக்கும் அந்த நாடு 1975இல் நெதர்லாந்திடமிருந்து சுதந்திரம் பெற்றது. இரட்டைக் குடியுரிமையை ஏற்கவில்லை. அதனால் ரூட் குலிட், ஃபிராங்க் ரைக்கார்ட், கிளாரன்ஸ் சீடோர்ஃப், எட்கர் டேவிட்ஸ் என்று உலகமே கொண்டாடிய சுரினாம் வம்சாவளி வீரர்களில் ஒருவரைக்கூட அது தன் அணியில் சேர்த்துக்கொள்ள முடியவில்லை. 2019 வாக்கில்தான் விளையாட்டு வீரர்களுக்கென ஒரு தனிக் கடவுச்சீட்டு ஏற்பாட்டின் மூலம் அந்தக் கதவைத் திறந்தது. குராசோ முடியரசிலேயே தங்கிவிட்டதால் இந்தச் சிக்கல் எழவேயில்லை. குராசோக்காரரும் ஆம்ஸ்டர்டாம்காரரும் வைத்திருப்பது ஒரே குடியுரிமை. அரசியல் சுதந்திரத்தின் விலையையும் அது இல்லாததன் ஆதாயத்தையும் இவ்வளவு துல்லியமாக வேறெந்த விளையாட்டிலும் பார்க்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் டச்சுக் குடியுரிமை உள்ள எவரும் குராசோவுக்கு ஆடலாமா என்றால், ஆட முடியாது. ஒரே குடியுரிமையைப் பல சங்கங்கள் பகிர்ந்துகொள்ளும் இடங்களுக்கென ஃபிஃபா தனி விதி வைத்திருக்கிறது: வீரரோ, தாய் தந்தையரில் ஒருவரோ, தாத்தா பாட்டிகளில் ஒருவரோ அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் விதியில் சொன்ன காலம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். எனவே அணியில் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் தீவோடு ரத்த உறவோ வாழ்ந்த தொடர்போ உண்டு. 2020இல் ஃபிஃபா விதிகளைத் தளர்த்தி, ஒரு நாட்டின் முதன்மைத் தேசிய அணிக்கு இளவயதில் ஓரிரு ஆட்டங்கள் ஆடியவர்கள் நிபந்தனைகளோடு வேறு நாட்டுக்கு மாறலாம் என்றது; இதுவும் குராசோ போன்ற அணிகளுக்குக் கைகொடுத்தது. வில்லெம்ஸ்டாட்டில் பிறந்து, 2010இல் நெதர்லாந்து அணிக்கு ஆடிய வெர்னன் அனிட்டா பத்தாண்டுகளுக்குப் பிறகு பிறந்த மண்ணின் சட்டையை அணிந்தார்.

2010 அக்டோபர் 10 அன்று நெதர்லாந்து அன்டிலிஸ் கலைக்கப்பட்டது. அதன் ஃபிஃபா இடமும் பழைய ஆட்டப் பதிவுகளும் குராசோவுக்கு வந்தன. அதே கூட்டமைப்பில் இருந்த பொனேரும் சின்ட் மார்ட்டனும் கான்ககாஃபில் மட்டுமே உறுப்பினர்கள். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அவர்களுக்கு இடமில்லை.

திருப்புமுனை 2015இல் வந்தது. தாய்வழியில் குராசோவைச் சேர்ந்த பேட்ரிக் குளுய்வர்ட் பயிற்சியாளரானார். அயாக்ஸ், பார்சிலோனா கழகங்களில் கோல் அடித்துப் பெயர் பெற்ற ஒருவர் தொலைபேசியில் அழைத்து 'வா, நம் அணிக்கு ஆடு' என்றால், இரண்டாம் நிலைக் கழகங்களில் ஆடிக்கொண்டிருந்த இளைஞர்கள் மறுப்பது கடினம். அவருடைய பெரிய பங்களிப்பு களத்தின் உத்தியில் அல்ல, இந்த நம்பகத்தன்மையில்தான் என்று நான் மதிப்பிடுகிறேன். 2018 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மான்செராட்டையும் கியூபாவையும் தாண்டிய அணி எல் சால்வடோரிடம் நின்றுபோனது. அவருக்குப்பின் பொறுப்பேற்ற ரெம்கோ பிசென்டினிதான் அந்த அழைப்புகளால் சேர்ந்த கூட்டத்தை அணியாக மாற்றியவர். ஆங்கிலக் கழகங்களில் ஆடிய லியாண்ட்ரோ பகூனா, குகோ மார்ட்டினா, பின்னர் அமெரிக்காவின் கொலம்பஸ் கழகத்துக்குப் போன கோல்கீப்பர் எலோய் ரூம் ஆகியோர் அதன் முதுகெலும்பு.

2017 ஜூனில் மார்ட்டினிக் தீவில் நடந்த கரீபியக் கோப்பையின் இறுதிப்போட்டியில் குராசோ ஜமைக்காவை 2-1 என வென்றது. இரண்டு கோல்களையும் எல்சன் ஹூய் அடித்தார். அடுத்த மாதம் ஃபிஃபா தரவரிசையில் 68ஆம் இடம். அதே கோடையில் கோல்டு கப் எனப்படும் கான்ககாஃபின் கண்டப் போட்டியில் மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிறிய அணிகளின் வளர்ச்சி நேர்கோட்டில் போவதில்லை. 2019 கோல்டு கப்பில் ஹொண்டுராஸை 1-0 என வென்று, ஜமைக்காவுடன் சமன் செய்து, காலிறுதியில் அமெரிக்காவிடம் ஒரே கோலில்தான் தோற்றது.

அந்தப் போட்டிக்குச் சற்று முன்பு, 2019 ஜூன் 5 அன்று, தாய்லாந்தின் புரிராமில் நடந்த கிங்ஸ் கப்பில் இந்தியாவை இதே குராசோ 3-1 என வென்றதைப் பலர் மறந்திருப்பார்கள். இகோர் ஸ்டிமாச் இந்தியாவின் பயிற்சியாளரான பிறகு நடந்த முதல் ஆட்டம் அது. இந்தியாவின் ஒரே கோல் சுனில் சேத்ரியின் பெனால்டி. நூற்று நாற்பது கோடிப் பேரின் நாடு ஒன்றரை லட்சம் பேரின் தீவிடம் தோற்றது என்று அன்று கேலி பேசினார்கள். மக்கள்தொகை கால்பந்து ஆடுவதில்லை; எட்டு வயதிலிருந்து முறையான பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு, அந்தக் கணக்கில் குராசோ அன்று இந்தியாவைவிடச் சிறிய நாடு அல்ல.

அதன்பின் சில ஆண்டுகள் தடுமாற்றம். 2020இல் குஸ் ஹிடிங்க் பயிற்சியாளராக வந்தார். அவருக்குக் கோவிட் தொற்று ஏற்பட, குளுய்வர்ட் தற்காலிகமாக மீண்டும் பொறுப்பேற்றார். 2022 உலகக் கோப்பைக்கான இரண்டாம் சுற்றில் பனாமாவிடம் மொத்தம் 1-2 என்று வெளியேற்றம். 2021 கோல்டு கப்பிலிருந்து கோவிட் தொற்றால் விலகல். 2023 மார்ச்சில் அர்ஜென்டினாவிடம் 0-7 தோல்வி. மெஸ்ஸி தன் நாட்டுக்காக நூறாவது கோலை அடித்தது அந்த ஆட்டத்தில்தான்.

2024 ஜனவரியில் டிக் அட்வகாட் வந்தார். நெதர்லாந்து, தென்கொரியா, ரஷ்யா என்று பல தேசிய அணிகளைப் பயிற்றுவித்தவர். அவர் காலத்தில் நெதர்லாந்தின் பிஎஸ்வி கழகத்தின் அர்மாண்டோ ஒபிஸ்போ, 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்த சொன்ட்யே ஹான்சன், மான்செஸ்டர் யுனைடெட்டின் இளையோர் அணியில் வளர்ந்த தஹித் சோங் போன்றோர் அணியைப் பலப்படுத்தினார்கள். முந்தைய தலைமுறையில் அணிக்கு ஏழெட்டு நல்ல வீரர்கள் இருந்தார்கள். இப்போது மாற்று வீரர்களின் இருக்கையிலும் நல்லவர்கள் உட்கார்ந்தார்கள்.

தகுதிச் சுற்றைப் பற்றிப் பேசும்போது நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2026 போட்டியில் 48 அணிகள்; மேலும் அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றும் போட்டியை நடத்தும் நாடுகளாக நேரடியாக இடம்பெற்றதால் இந்த வட்டாரத்தின் மூன்று பலசாலிகள் பாதையில் இல்லை. பழைய ஏற்பாட்டில் குராசோ தகுதி பெற்றிருக்குமா என்றால், அநேகமாக இல்லை. ஆனால் அதே வாய்ப்பு ஹொண்டுராஸுக்கும் கோஸ்டாரிக்காவுக்கும் ஜமைக்காவுக்கும் இருந்தது. அவர்களால் அதை நேரடித் தகுதியாக மாற்ற முடியவில்லை. குராசோ இரண்டாம் சுற்றில் பார்படோஸ், அருபா, செயின்ட் லூசியா, ஹெய்ட்டி ஆகிய நால்வரையும் வென்றது. மூன்றாம் சுற்றில் ஜமைக்காவை வில்லெம்ஸ்டாட்டில் 2-0 என்றும், பெர்முடாவை அதன் மண்ணில் 7-0 என்றும் வென்றது. டிரினிடாட் டொபேகோவுடன் இரு ஆட்டங்களும் சமன்.

2025 நவம்பர் 18 அன்று கிங்ஸ்டனில் கடைசி ஆட்டம். குராசோவுக்குச் சமன் போதும். ஜமைக்கா வென்றே ஆக வேண்டும். குடும்பக் காரணங்களால் அட்வகாட் நெதர்லாந்தில் இருந்தார். ஜமைக்காவின் முயற்சிகள் மூன்று முறை கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பின. ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் நடுவர் ஜமைக்காவுக்குப் பெனால்டி கொடுத்து, காணொளியைப் பார்த்தபின் அதை ரத்து செய்தார். 0-0. குராசோவுக்கு 12 புள்ளிகள், ஜமைக்காவுக்கு 11. பத்து ஆட்டங்களில் ஏழு வெற்றி, மூன்று சமன், தோல்வியே இல்லை. 2018இல் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேரோடு ஐஸ்லாந்து வைத்திருந்த, மிகக் குறைந்த மக்கள்தொகையுடன் தகுதி பெற்ற நாடு என்ற இடம் குராசோவுக்கு மாறியது. அதிர்ஷ்டம் அன்று குராசோவின் பக்கம் இருந்தது. ஆனால் அந்த ஒரு புள்ளி முன்னிலையை அதற்கு முந்தைய ஐந்து ஆட்டங்கள்தான் சம்பாதித்துக் கொடுத்தன. குலுக்கலில் ஜெர்மனி, ஐவரி கோஸ்ட், எக்வடோர் இருந்த பிரிவில் குராசோ விழுந்தது.

நெதர்லாந்தில் பிறந்தவர்கள் பற்றிய குறைகூறலுக்கு இப்போது வருகிறேன். 1998இல் உலகக் கோப்பைக்குப் போன ஜமைக்கா அணியில் ராபி ஏர்ல், டியோன் பர்ட்டன், ஃபிராங்க் சின்க்ளேர் போன்ற இங்கிலாந்தில் பிறந்தவர்கள் இருந்தார்கள். அதற்காக அந்த அணி போலியாகிவிடவில்லை. குராசோவில் இதன் அளவு மிக அதிகம் என்பது உண்மைதான். பகூனா சகோதரர்கள் குரோனிங்கனில் பிறந்தவர்கள், ரூம் நைமேகனில். வில்லெம்ஸ்டாட்டில் பிறந்த சோங்கும் சிறுவயதிலேயே ராட்டர்டாமின் ஃபெயனோர்ட் பயிற்சிக் கூடத்துக்குப் போய்விட்டவர். ஆனால் இவர்களின் பெற்றோரைத் தீவு தன் பொருளாதாரத்தால் தக்கவைத்துக்கொள்ள முடியாமல் அனுப்பியது; அவர்கள் அனுப்பிய பணத்தை உரிமையோடு வாங்கிக்கொண்ட தீவு, அவர்களின் பிள்ளைகளை மட்டும் அயலார் என்று சொல்ல முடியாது.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. உள்ளூர் முதல் பிரிவு லீக் இன்றும் அரைத்தொழில்முறை அளவிலேயே நடக்கிறது. ஸ்கெர்பென்ஹூவல், யோங் ஹாலந்து போன்ற பழைய கழகங்களின் வீரர்கள் பகலில் வேலைக்குப் போய் மாலையில் ஆடுகிறார்கள். அவர்களில் ஒருவர் இன்றைய தேசிய அணியின் முதல் பதினொருவருக்குள் நுழைவது மிக அரிது. தேசிய அணி பலமாகப் பலமாக அந்த இடைவெளி கூடிக்கொண்டே போகும். பத்து வயதில் திறமை காட்டும் பையனுக்கு இன்றும் தீவு காட்டும் வழி விமான நிலையம்தான். நெதர்லாந்தில் மூன்றாம், நான்காம் தலைமுறை வளரும்போது 'தாத்தா அல்லது பாட்டி அங்கே பிறந்திருக்க வேண்டும்' என்ற விதியே ஊற்றை மெல்ல வற்றச் செய்யும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தகுதி பெற்ற ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது 10.5 மில்லியன் டாலர் என்று 2025 டிசம்பரில் ஃபிஃபா அறிவித்தது. இந்த அளவுள்ள தீவின் கால்பந்துச் சங்கத்துக்கு அது மிகப் பெரிய தொகை. வீரர்களின் ஊக்கத்தொகையும் பயணச் செலவும் போக மிஞ்சுவது சிறுவர் மைதானங்களுக்கும், உள்ளூர்ப் பயிற்சியாளர்களின் உரிமச் சான்றிதழ்ப் படிப்புக்கும், பன்னிரண்டிலிருந்து பதினாறு வயதுவரை ஒரு பையனைப் பேஸ்பாலுக்கும் நெதர்லாந்துக்கும் விட்டுவிடாமல் வைத்திருக்கும் ஒரு பயிற்சிக் கூடத்துக்கும் போகிறதா என்று பார்க்க வேண்டும். வருங்காலத்தில் தீவிலேயே பதினாறு வயதுவரை ஆடி வளர்ந்த மூவரோ நால்வரோ தேசிய அணியில் நிலையான இடம் பிடித்தால், உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலில் உள்ள 'இல்லை' என்ற பாதியை நான் திரும்பப் பெற்றுக்கொள்வேன்.